பற்றிப் பேசுதல்

எட்டு வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஓர் ஆபீஸ் நோட்டில் ஒரே ஒரு சொல்லைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கடன் பாக்கி வைத்திருந்த ஒருவர் கிளைக்கு நேரில் வந்ததைக் குறித்த நோட்டு அது. ‘பார்ட்டி டிஸ்கஸ்டு அபௌட் ஹிஸ் டிஃபிகல்டீஸ்’ என்று எழுதியிருந்தேன். அடிபட்ட சொல் ‘அபௌட்.’ ஓரத்தில் விளக்கம் எதுவும் இல்லை, பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு விளக்கம் தேவையில்லை என்று மேலதிகாரி நினைத்திருக்கலாம். தேவையில்லைதான். ‘டிஸ்கஸ்’ என்ற வினைச்சொல் செயப்படுபொருளை நேராக ஏற்கும், நடுவே ஒரு முன்னிடைச்சொல் வரக்கூடாது என்பது கல்லூரி முதல் வருஷத்திலேயே மண்டையில் குட்டிச் சொல்லப்பட்ட விஷயம். நானே டியூஷன் பையன்களுக்கு அதைக் குட்டிச் சொல்லியிருக்கிறேன். எழுதுகிற கை மட்டும் ஏனோ மறந்துவிட்டது.

அன்று பட்ட வெட்கம் அந்தத் தவற்றின் அளவுக்குச் சற்றும் பொருந்தாதது. அந்த வெட்கத்தைத்தான் முதலில் விசாரிக்கத் தோன்றியது. விசாரணை எங்கெங்கோ போய்க் கடைசியில் வெட்கப்பட வேண்டிய இடம் வேறு என்று காட்டியது. அதை எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

தவறு ஏன் வருகிறது என்பதற்கு ஆசிரியர்கள் சொல்லும் காரணம் தாய்மொழியின் பாதிப்பு. தமிழில் ‘அதைப் பற்றி’ விவாதிக்கிறோம், ஆகவே ‘அபௌட்’ ஒட்டிக்கொள்கிறது. பாதி உண்மை. தமிழே தெரியாத சிங்கப்பூர்ச் சீனர்களும் நைஜீரியர்களும் இதே ‘டிஸ்கஸ் அபௌட்’டைத்தான் பேசுகிறார்கள். ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரு பொறி இருக்கிறது. ‘டாக்’, ‘ஸ்பீக்’ இரண்டும் ‘அபௌட்’ கேட்கின்றன. ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்கூடக் கேட்கிறது. அதே குடும்பத்து வினைச்சொல் மட்டும் மறுக்கிறது. வெளியிலிருந்து வருகிறவன் இதில் தடுக்கி விழுவது இயற்கை. பார்பரா செய்ட்லோஃபர் என்ற வியன்னா மொழியியல் பேராசிரியை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும் ஆங்கிலத்தை ஆராய்ந்து, இப்படி மிகையாகச் சேரும் முன்னிடைச்சொற்களால் புரிதலுக்குப் பெரிய பங்கம் எதுவும் வருவதில்லை என்று 2004ல் எழுதினார். புரிதலுக்குப் பங்கம் இல்லை, சரி. மரியாதைக்குப் பங்கம் வருகிறதே, அதற்கு என்ன செய்வது? இந்தியர்களின் ஆங்கிலப் பிழைகளைத் திரட்டி ஜி. சி. விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1907ல் ஒரு புத்தகமே போட்டார். அவர் போய்ப் பல காலம் ஆகிறது. சிவப்பு மை இப்போது நம் கையில் இருக்கிறது. அவரைவிடக் கறாராகவே உபயோகிக்கிறோம்.

என் ஊர் அணைக்கட்டு. இந்தப் பெயர்ச்சொல் ஆங்கில அகராதியில் இருக்கிறது. எங்கள் ஊருக்காக அல்ல, தண்ணீரைத் தடுத்துத் திருப்பும் கட்டுமானத்துக்கான பொதுச்சொல்லாக. யூலும் பர்னலும் 1886ல் வெளியிட்ட ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ அகராதியில் ‘ஆனிகட்’ என்று பதிவாகியிருக்கிறது. காவிரியின் கல்லணை அவர்களுக்கு ‘கிராண்ட் ஆனிகட்.’ ணகரம் போய், ஐகாரம் போய், கடைசி உகரமும் போய்ச் சிதைந்த அந்த உருவத்தை யாரும் பிழை என்று சிவப்பு மையால் அடிக்கவில்லை. எஞ்சினியர்கள் அதை வைத்து அரசாங்க அறிக்கைகள் எழுதினார்கள். அவன் நம் சொல்லை உடைத்தால் அது அகராதி, நாம் அவன் சொல்லில் ஒன்றைக் கூட்டினால் அது அறியாமை. இப்படிச் சொல்லிக் கட்டுரையை முடித்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இது சுலபமான கோபம். மொழியில் சரி என்று ஒன்று உண்டு என்றே நான் இன்னும் நம்புகிறேன். அது எங்கே இருக்கிறது என்பதில்தான் சந்தேகம்.

அகராதிக்கே போய்ப் பார்த்தேன். ‘டிஸ்கஸ்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘க்வடெரெ’ என்றால் குலுக்குதல், அதிர வைத்தல். அதோடு பிரித்தலைக் குறிக்கும் முன்னொட்டு சேர்ந்து, குலுக்கிச் சிதறடித்தல் என்றாகிறது. தலையில் அடிபட்டால் டாக்டர்கள் சொல்லும் ‘கன்கஷன்’ இதற்குப் பங்காளி. சாமுவேல் ஜான்ஸன் தன் 1755 அகராதியில் இச்சொல்லுக்கு ஆராய்தல் என்ற பொருளோடு இன்னொன்றையும் தருகிறார்: உடம்பில் திரண்ட வீக்கத்தைக் கரைத்தல். மருத்துவர் ஒரு கட்டியை ‘டிஸ்கஸ்’ செய்தால் கட்டி கரைய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேடிக்கையாக, ஒரு சாப்பாட்டை ‘டிஸ்கஸ்’ செய்தார்கள் என்று எழுதும் வழக்கமும் இருந்தது. தட்டு காலியாயிற்று என்று அர்த்தம். குலுக்குவது, கரைப்பது, தின்று தீர்ப்பது, எதுவானாலும் காரியம் முடிந்த பிறகு அந்தப் பொருள் முன்பிருந்த மாதிரி இருப்பதில்லை. இந்த வினைக்கும் அதன் பொருளுக்கும் நடுவே ஒரு சொல் நிற்க ஏன் இடமில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ‘அபௌட்’டின் பூர்வீக அர்த்தம் வெளிப்புறமாகச் சுற்றி என்பது. கட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தால் கட்டி கரையுமா?

இனி நம் ‘பற்றி.’ இது முதலில் ஒரு வினையெச்சம். பற்றுதல், பிடித்தல். அப்புறம்தான் தேய்ந்து சொல்லுருபாயிற்று. ‘அதைப் பற்றிப் பேசினான்’ என்றால் அதைப் பிடித்துக்கொண்டு பேசினான் என்பதே மூலம். முன்னால் ஐகார உருபு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அதற்கு அத்தாட்சி. பிடிப்பதற்கு ஒரு பொருள் வேண்டுமே. ஆக, ஆங்கிலேயன் விஷயத்தைச் சுற்றி நடக்கிற இடத்தில் தமிழன் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் பழகிப்பழகி அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. இன்று ‘பற்றி’ என்னும்போது எந்தக் கையும் எதையும் பிடிப்பதில்லை.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. ‘பேசு’ என்ற வினை தமிழில் ‘பற்றி’ இல்லாமலும் வரும். விலை பேசினார்கள். கல்யாணம் பேசினார்கள். வண்டி பேசினோம். வீடு பேசி முடித்தாயிற்று. சம்பளம் பேசாமல் வேலைக்குப் போகாதே. இவற்றில் ஒவ்வொன்றிலும் ‘பற்றி’யைச் செருகிப் பாருங்கள். கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள் என்றால் திண்ணையில் உட்கார்ந்து யாரோ வீட்டுக் கல்யாணத்தைச் சிலாகித்தார்கள் அல்லது குறை சொன்னார்கள். கல்யாணம் பேசினார்கள் என்றால் இரண்டு குடும்பங்களின் கதி மாறிவிட்டது. வண்டியைப் பற்றிப் பேசினால் வாசலில் வண்டி வந்து நிற்காது. படிக்காத பாட்டிக்குக்கூட இந்த வித்தியாசம் தடுமாறுவதில்லை. ‘டிஸ்கஸ்’ஸுக்கும் ‘டாக் அபௌட்’டுக்கும் உள்ள இடைவெளியை ஆங்கிலத்தில் நமக்குக் குட்டிக் குட்டிக் கற்பித்த நேரத்தில், அந்த இடைவெளி நம் வீட்டுக் கூடத்திலேயே கிடந்தது. யாரும் குனிந்து எடுத்துக் காட்டவில்லை. சொல்வதே செய்வதாகும் வாக்கியங்கள் குறித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஜே. எல். ஆஸ்டின் பெரிய தத்துவமாகச் செய்ததன் ஒரு முனை இங்கே இருக்கிறது என்றும் தோன்றுகிறது. அவரை இழுக்காமலே இதைச் சொல்ல முடியும் என்பது என் பக்கச் சிறு கர்வம்.

எங்கள் தாலுகாவிலேயே பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடும். சின்ன வயசில் அப்பாவோடு போவேன். அங்கே விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்து வாங்குகிறவர் கைமேல் போட்டு, அதற்கடியில் விரல்களைப் பிடிப்பார். அந்தப் பிடியில்தான் தொகை. பிறகு விற்கிறவரிடம் போய் அதே மாதிரி. இவர் உதட்டைப் பிதுக்குவார், அவர் தலையை ஆட்டுவார், துண்டு மறுபடி விழும். வாயிலிருந்து ஒரு எண் வராது. சுற்றி நிற்கிற நாங்கள்தான் மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்: சுழி எப்படி, பல் எத்தனை, கறவை எவ்வளவு என்று. எங்கள் பேச்சால் மாடு ஓரடிகூட நகராது. துண்டுக்கடியில் பேசி முடிந்ததும் கயிறு கை மாறும், மாடு ஊர் மாறிப் போகும். வாயே திறக்காத அந்த இருவரையும்தான் ஊர் ‘விலை பேசினார்கள்’ என்று சொல்கிறது. பற்றுதல் என்ற வினை இன்னும் சாகாமல் இருக்கிற ஒரே பேச்சு அதுதானோ என்று இப்போது நினைக்கிறேன்.

நம் இலக்கண உரையாசிரியர்கள் இதைச் சும்மா விட்டவர்கள் இல்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் இரண்டாம் வேற்றுமையின் செயப்படுபொருளை மூன்றாகப் பிரிக்கிறார்: இயற்றப்படுவது, வேறுபடுக்கப்படுவது, எய்தப்படுவது. வீட்டைக் கட்டினால் இல்லாத ஒன்று உண்டாகிறது. மரத்தை வெட்டினால் இருந்த ஒன்று வேறாகிறது. ஊரை அடைந்தால் ஊர் ஊராகவே இருக்கிறது. போனவனுக்கு மட்டும்தான் ஏதோ நடந்திருக்கிறது. பேச்சின் செயப்படுபொருள் இம்மூன்றில் எது? கல்யாணம் இயற்றப்படுவது. விலை, பேரம் முடியும்வரை வேறுபடுக்கப்பட்டுக்கொண்டே இருப்பது. லத்தீன் வேரின்படி ‘டிஸ்கஸ்’ஸின் பொருளும் வேறுபடுக்கப்படுவதே. ஆனால் நம் ஆபீஸ்களிலும் கமிட்டிகளிலும் கருத்தரங்குகளிலும் அது எய்தப்படுவது மட்டுமே. ஒரு விஷயத்துக்குப் போய்ச் சேர்கிறோம், காபி குடிக்கிறோம், திரும்பி வருகிறோம்.

கருத்தரங்கு என்றதும் நம் வீட்டு விவகாரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘அலசு’ என்று ஒரு வினை. துணியைத் தண்ணீரில் போட்டுக் குலுக்குதல். லத்தீன்காரனின் குலுக்கலுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் கிடையாது. இதுவும் ‘பற்றி’ கேட்பதில்லை. துணியைத்தான் அலசுகிறோம், துணியைப் பற்றி அலசுவதில்லை. இந்தச் சொல்லைத்தான் சி. சு. செல்லப்பா தன் விமர்சன முறைக்குப் பெயராக எடுத்துக்கொண்டார். ‘எழுத்து’ 1959லிருந்து 1970வரை வந்தது. அதில் அவரது அலசல் சில சமயம் துணி கிழிகிற அளவுக்குக்கூடப் போனது என்பேன். க. நா. சு.வின் ரசனை வழிக்காரர்கள் அதைக் கேலி செய்ததில் நியாயமும் உண்டு. ஆனால் கவிதை அவர் கைக்குள் இருந்தது, ஈரமாக. இன்று நம் பத்திரிகைகளில் வரும் தலைப்புகளைப் பாருங்கள்: இன்னாரின் கவிதைகள் பற்றி, இன்ன நாவல் பற்றிச் சில குறிப்புகள். நானும் அப்படி ஏழெட்டு எழுதியிருக்கிறேன். எழுதி முடித்த பிறகு அந்தக் கவிதைகள், எனக்காவது, முன்பிருந்தவையிலிருந்து வேறாயினவா? இரண்டில் ஆயின என்று சொல்லத் துணிவேன். மற்றவை, மாட்டுக்குப் பல் எத்தனை என்று சொன்னது.

ஒரு ஆட்சேபம் வரும். முன்னிடைச்சொல்லை நீக்கிவிட்டால் மட்டும் பேச்சு யோக்கியமாகிவிடுமா? ஆகாது. செயப்படுபொருளை நேராக ஏற்கும் வினைக்குத் தப்பிக்க ஒரு பின்வாசல் உண்டு. அதுதான் செயப்பாட்டுவினை. ‘தி மேட்டர் வாஸ் டிஸ்கஸ்டு.’ நம் ஆட்சித்தமிழில் ‘இப்பொருள் குறித்து விவாதிக்கப்பட்டது.’ இலக்கணச் சுத்தமான வாக்கியம். இதில் ஆள் கிடையாது. யார் குலுக்கினார்கள், எதைக் கரைத்தார்கள் என்று கேட்க முடியாது. மினிட்ஸ் புத்தகங்களில் உலகம் தானாகவே விவாதிக்கப்பட்டுவிடுகிறது. பிழையான வாக்கியம் ஒன்று இந்தச் சரியான வாக்கியத்தைவிட நேர்மையாக இருக்க முடியும் என்பதை நான் என் சொந்த நோட்டிலிருந்துதான் கற்றேன்.

அந்த நோட்டுக்கு வருகிறேன். கிளை பாலாற்றங்கரைப் பக்கம், ஆம்பூருக்குக் கிட்டே. வந்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். போர் போட்டு மோட்டார் வைக்க வாங்கிய கடன், தவணை நின்று வெகு நாளாகியிருந்தது. தென்னை வைத்திருந்தார். போரில் தண்ணீர் வந்தது, வந்த தண்ணீர் உதவவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. டேனரிகளின் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் வந்த தீர்ப்பில் கணக்கு இருக்கிறது: ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர், தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்னது. அதுவரை தண்ணீரைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாசு செய்தவன் விலை கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது முதன்முறையாகத் தண்ணீர் ‘பேசப்பட்டது’, மாட்டுக்கு விலை பேசுகிற அர்த்தத்தில். 2001ல் இழப்பீடும் நிர்ணயமாயிற்று, 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு. அப்புறமும் முடியவில்லை. இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கவும், மேற்பார்வைக்கு ஒரு குழு அமைக்கவும் 2025 ஜனவரி 30ல் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. துண்டுக்கடியில் விலை முடிந்தும் கயிறு கை மாறாத வியாபாரம்.

பெரியவர் இதையெல்லாம் சொல்லவில்லை. “தண்ணி வாயில வைக்க முடியல சார். மாடே மூஞ்சத் திருப்பிக்கினு போவுது” என்றார். கொஞ்சம் கொஞ்சமாக அரைமணி நேரம் சொன்னார். நான் கேட்டேன். தலையாட்டினேன். நடுவில் கவுன்டருக்கு இரண்டு பேர் வந்தார்கள், கவனித்தேன். ‘மேலே எழுதுகிறேன்’ என்றேன். கடனைப் பேசவில்லை. தவணையை எப்படி மாற்றலாம், எதைக் கேட்கலாம், யாரைப் பார்க்கலாம் என்பது எதையும் தொடவில்லை. அதற்கு வழிகள் இருந்தன. ஒரு ஃபாரம் இருந்தது, எனக்குத் தெரியும். நாங்கள் செய்தது அவர் கஷ்டங்களின் வெளிப்புறமாகச் சுற்றி வந்ததுதான். ஆகவே ‘அபௌட்’ என்று என் கை எழுதியது, அந்தத் தாளில் இருந்த ஒரே உண்மையான சொல். மேலதிகாரி அதை அடித்தார். நான் சுத்தமாக நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் திருத்தத்தோடு நோட்டு பொய்யாயிற்று.

அன்று எனக்கு உறைத்தது இலக்கணம்தான். ஃபாரம் ஞாபகத்துக்கு வரவில்லை. இரண்டும் ஒரே மேஜையில் இருந்தன.

சில வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். மேலே எழுதினீர்களா என்று கேட்டார். ஃபைலை எடுத்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. “இன்னா எழுதிக்கீது, படிங்க சார்” என்றார். திருத்தப்பட்ட வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னேன். “நீங்க வந்ததும், உங்க கஷ்டத்தப் பத்திப் பேசினதும் எழுதியிருக்கு.” அடித்த சொல் என் வாயில் திரும்ப வந்துவிட்டதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

அவர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பேசினோமா? நான்தான சார் பேசுனேன்” என்றார்.